குழியானை

புதுச்சேரியில் மலை கிடையாது. கடலும், கடலை நோக்கி நேர்க்கோடாய் ஓடும் தெருக்களும், ஊருக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்களும் ஏரிகளுமே எங்கள் நிலம். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு உயரம் என்றால் கோயிற் கோபுரமும் கடற்கரையின் பழைய கலங்கரை விளக்கமுந்தான். நிமிர்ந்து பார்த்ததைவிடக் குனிந்து மணலைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த மணலில் எனக்கு முதன்முதலில் அறிமுகமான உயிர் குழியானை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு மணி அடிக்கும்வரை நாங்கள் கோயிற் சுவரோரம் குந்தியிருப்போம். மழை படாத உலர்ந்த பொடிமணலில், புனலைப் பதித்து எடுத்ததுபோலச் சிறுசிறு குழிகள் இருக்கும். ஓர் எறும்பைப் பிடித்து விளிம்பில் விடுவோம். அது ஏற முயலும், மணல் சரியும், மீண்டும் ஏறும். குழியின் அடியிலிருந்து யாரோ மணலை வாரி இறைப்பதுபோல் இருக்கும். அடுத்த நொடியில் எறும்பைக் காணோம். மணலோடு அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதினால், உளுந்தளவு சாம்பல்நிறப் பூச்சி ஒன்று வெளிப்படும். எப்படித் திருப்பி வைத்தாலும் பின்னோக்கியே நடக்கும். யானை என்று பெயர், அளவோ உளுந்து. அந்த முரண் எங்களுக்குப் பெரிய வேடிக்கை. எறும்பின் பக்கம் நின்று அந்த விளையாட்டை நினைத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஓர் எரிமலையின் மடியில் அதே குழியானையை மீண்டும் சந்தித்தேன். இம்முறை அது ஒரு குன்றாக இருந்தது. அந்தக் குன்றில் ஏறி இறங்கியது மிகச் சிறிய நடை. ஆயினும் என் குருத்துவ வாழ்வில் நான் செய்த நீண்ட தியானங்கள் சிலவற்றைவிட அது என்னை அதிகமாய் அலைக்கழித்தது. அதனைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரெயூனியன் தீவுக்குச் செல்லும் வாய்ப்பு வந்தது. எங்கள் பங்கிலிருந்து சென்று அங்கே பல்லாண்டுகளாய்க் குடியிருக்கும் ஒரு குடும்பத்தார், தங்கள் மகளின் திருமணத் திருப்பலியை நான் நிறைவேற்ற வேண்டும் என்று வற்புறுத்தி அழைத்திருந்தனர். மொரீசியசு வழியாகச் சென்று இறங்கினேன். வெளிநாடு வந்திருக்கிறோம் என்ற எண்ணம் அங்கே எனக்கு முழுமையாய் ஏற்படவேயில்லை. தெருப்பலகைகளில் எங்கள் ஊரின் பிரெஞ்சு. கடைப்பலகைகளிலும் வீட்டுப் பெயர்களிலும் ராமசாமி, முத்துசாமி, வீராப்பிள்ளை என்று நம் பெயர்கள், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சற்றே உருமாறி.

காரணம் வாசகர் அறிந்ததே. 1848 டிசம்பர் 20 அன்று அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்கு இருபதாண்டுகள் முன்பே, 1828-இலிருந்து, நம் நாட்டவரைக் கொண்டுசெல்லும் முயற்சி சிறு அளவில் தொடங்கியிருந்தது. விடுதலைக்குப் பின் அது பெருவெள்ளமாயிற்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து ஆணும் பெண்ணும் கப்பல் ஏறினர். 1860-இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி மக்களும் சேர்க்கப்பட்டனர். அங்கே நடத்தப்பட்ட விதம் குறித்து எழுந்த முறையீடுகளால் 1882-இல் பிரிட்டிஷ் அரசு அதனை நிறுத்தியது. அதற்குள் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் போய்விட்டிருந்தனர். கரை சேர்ந்தவர்களைத் தொற்றுநோய் அச்சத்தால் அடைத்து வைத்த லா கிராந்த் ஷலூப் என்னும் கடலோரப் பள்ளத்தாக்கின் கட்டடங்களை இன்றும் காணலாம். ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்கள் உண்டு. அங்கேயே மண்ணானவர்களோ மிகப் பலர். அவர்களின் வழித்தோன்றல்களை அங்கே ‘மால்பார்’ என்று அழைக்கின்றனர். தமிழ் பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது; பெயரிலும் தீமிதியிலும் கோயிற் பாடலிலும் மட்டும் எஞ்சி நிற்கிறது.

திருமணம் இனிதே முடிந்தது. வந்த இடத்தில் இரண்டைப் பார்க்காமல் போகக்கூடாது என்றார்கள். ஒன்று, கிழக்குக் கரையில் சேன்த் ரோஸ் ஊரருகே உள்ள எரிகுழம்பின் அன்னை ஆலயம். 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு ஊருக்குள் பாய்ந்து வீடுகளை விழுங்கி, இந்த ஆலயத்தைச் சூழ்ந்து, தலைவாயிலில் நுழைந்து, அங்கே நின்றுவிட்டது. உறைந்த கரும்பாறை இன்றும் வாயிலைத் தழுவிக் கிடக்கிறது. நானும் பலரைப் போலப் படம் எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஊர் திரும்பியதும் ஆற்றவேண்டிய மறையுரை ஒன்று அங்கேயே என் மனத்தில் உருவாகிவிட்டது. தலைப்புக்கூட வைத்துவிட்டேன். பங்குக்குருக்களுக்கு உள்ள வியாதி இது. எதைக் கண்டாலும் அதனை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லலாம் என்றே நினைப்போம். அது நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்கப் பெரும்பாலும் பொழுதிருப்பதில்லை.

இரண்டாவது, எரிமலை. அதன் பெயர் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், அதாவது உலைக்களச் சிகரம். உயரம் 2,632 மீட்டர். உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. 2007 ஏப்ரலில் நிகழ்ந்த பெருவெடிப்பின்போது அதன் உச்சிக்குழியின் தரையே முந்நூறு மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. அதே ஆண்டில்தான் தீவின் நடுப்பகுதி மலைகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தீவின் நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அந்தப் பூங்காவில் அடங்கும். 2010-இல் யுனெஸ்கோ அம்மலைகளை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

என்னை அழைத்துச் செல்லப் பெண் வீட்டாருக்கு நெருங்கிய முதியவர் ஒருவர் முன்வந்தார். கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எனக்குப் பத்து வயதேனும் மூத்தவர், மால்பார். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர். மாரியம்மன் கோயில் திருவிழாவையும் விடாத தாயொருத்தியின் மகன். தமிழ் ஒரு சொல்லும் அறியார். பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டோம். நான் அவரை ‘மிசே’ என்றேன். அவர் என்னை ‘மோன் பேர்’ என்றார்.

மேகம் வந்து மூடிக்கொள்ளும் முன் போய்ச்சேர வேண்டும் என்று இருட்டிலேயே புறப்பட்டோம். அங்கே ஜூலை குளிர்காலம். பூர் முரா என்ற மலையூரைக் கடந்து பசும்புல் மேடுகள் வழியே ஏறிய சாலை, ஒரு வளைவில் திரும்பியதும் உலகம் மாறியது. கீழே ஒரு பாழ்வெளி. புல் இல்லை, மரம் இல்லை. செம்பழுப்பு மணல் அடிவானம்வரை. பிளேன் தெ சாப்ல், மணற்சமவெளி என்று அதற்குப் பெயர். தொடக்கநூலின் முதல் வசனங்களை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். உருவற்று வெறுமையாயிருந்த பூமி எப்படி இருந்திருக்கும் என்று அன்று காலைதான் ஓரளவு விளங்கியது.

அச்சமவெளியைத் தாண்டிச் சாலை முடியும் இடம் 2,311 மீட்டர் உயரத்தில் ஒரு மதிலின் விளிம்பு. அங்கிருந்து பார்த்தால் எரிமலையின் பெருங்கூடம் முழுவதும் கண்ணில் படுகிறது. மூன்று புறமும் செங்குத்துப் பாறை மதில். கிழக்கே கடலை நோக்கித் திறப்பு. நடுவில் கரிய சிகரம். அந்த விளிம்புக்குப் பா தெ பெல்கோம்ப் என்று பெயர். அதைக் கேட்டதும் திடுக்கிட்டேன். பெல்கோம்ப் எங்கள் ஊர்க்காரர் அல்லவா? 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது இரண்டு மாதங்களுக்கு மேல் எதிர்த்து நின்று, இறுதியில் நகரை ஒப்படைத்த ஆளுநர். அவரேதான். எங்களிடம் வருமுன் 1767 முதல் 1773 வரை, அன்று பூர்போன் எனப்பட்ட இத்தீவின் ஆளுநராய் இருந்தவர்.

இப்போது பலகையில் அவர் பெயர் தனித்து இல்லை. பெல்கோம்ப்–ஜாக்கோப் என்று இரண்டு பெயர்கள். “ஜாக்கோப் யார்?” என்று கேட்டேன்.

“அடிமை, மோன் பேர். பெரியவர்கள் எல்லோரும் மேலே நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இறங்க வழி கண்டுபிடித்தவன் அவன்தான் என்று சொல்கிறார்கள். முன்பெல்லாம் ஆளுநர் பெயர் மட்டும் இருந்தது.” சொல்லிவிட்டு அவர் மெல்லச் சிரித்தார். “வழியைக் கண்டவன் பெயர் வந்துசேர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.”

உச்சிச் சிகரத்துக்குப் போய்வர ஐந்து மணி நேரம் ஆகும். என் முழங்கால்களைப் பார்த்த அவர் அதைப்பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கீழே கருந்தரையில் தனித்து நின்ற ஒரு சிறு குன்றைக் காட்டினார். செம்மண்ணைக் குவித்து வைத்தாற்போல் இருந்தது. “அது போதும் நமக்கு” என்றார். எனக்குள் சிறு ஏமாற்றம். இவ்வளவு தொலைவு வந்து ஒரு மண்மேட்டில் ஏறுவதா? ஊரில் போய் என்ன சொல்வது? ஆயினும் இறங்கினோம்.

மதிலில் வெட்டிய படிகள் ஐந்நூறுக்கும் மேல். ஒரு கையால் கம்பியையும் மறுகையால் ஊன்றுகோலையும் பற்றிக்கொண்டு இறங்கினேன். மலையேறப் போகிறவன் முதலில் இறங்க வேண்டியிருக்கிறது என்பது அங்கே உவமையல்ல, உடம்பில் உறைக்கும் உண்மை. அடியில் எரிகுழம்பு உறைந்த தரை. சில இடங்களில் கயிறு முறுக்கிப் போட்டதுபோல் வழவழப்பு. சில இடங்களில் உடைத்துக் கொட்டிய கருங்கல் குவியல். தடம் என்று ஒன்றில்லை. பாறைமேல் வெள்ளைச் சாயத்தால் இட்ட புள்ளிகளே வழி. ஒரு புள்ளியில் நின்றால் அடுத்த புள்ளி தெரியும். அதற்கு மேல் தெரியாது.

நடக்கும்போது முதியவர் சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த தாளொன்றை எடுத்தார். அவருடைய முப்பாட்டனார் தீவில் இறங்கியபோது எழுதப்பட்ட பதிவின் நகல். ஒரு பதிவெண், ஒரு பெயர், தந்தையின் பெயர், வயது, புறப்பட்ட துறை புதுச்சேரி, பிறந்த ஊர் என்னும் இடத்தில் எவரோ ஓர் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு சொல். அதை நான் பலவாறு உச்சரித்துப் பார்த்தேன். திருக்கனூரோ? திருவக்கரையோ? வேறெந்தத் ‘திரு’வோ? பிடிபடவில்லை.

“சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊருக்கு வந்திருந்தேன்” என்றார் அவர். “நான்கு நாள் இருந்தேன். கடற்கரைக்குத் தினமும் காலையில் போவேன். இங்கிருந்துதானே ஏறினார் என்று நினைத்துக்கொள்வேன். ஓர் அலுவலகத்தில் இந்தத் தாளைக் காட்டிக் கேட்டேன். ஊர்ப்பெயர் சரியாக இல்லாமல் எதைத் தேடுவது, அடுத்த முறை விவரத்தோடு வாருங்கள் என்றார்கள். எனக்கு அடுத்த முறை இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது அல்லவா?”

அவர் குரலில் கசப்பு இல்லை. அந்தக் கசப்பின்மைதான் என்னை என்னவோ செய்தது. ‘விவரத்தோடு வாருங்கள்.’ அந்தச் சொற்களை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று உடனே விளங்கவில்லை. அல்லது, விளங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை.

குன்றை அடைந்தோம். குறித்துவைத்த தடம் வழியே சில நிமிட ஏற்றந்தான். கால் வைத்த இடத்தில் செந்துகள் சரசரவென்று சரிந்தது. மேலே ஏறியதும்தான் அது குன்றல்ல, ஒரு குழியின் விளிம்பு என்று தெரிந்தது. நடுவே புனல்போல் உள்வாங்கிய பள்ளம். காற்று வீசும்போதெல்லாம் துகள்கள் விளிம்பிலிருந்து அடியை நோக்கி உருண்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த ஒரு வெடிப்பில் பிறந்தது என்றார் முதியவர். “இதற்கு வைத்திருக்கும் பெயர் இலத்தீன். உங்களுக்கு விளங்கும்: ஃபோர்மிகா லேயோ.”

எறும்புச் சிங்கம்! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் வியப்போடு பார்த்தார். அந்தக் குளிரிலும் நான் குந்தி அமர்ந்து, துகளில் விரலால் ஒரு சிறு குழி பறித்துக் காட்டி, கோயிற் சுவரோரத்துக் கதையைச் சொன்னேன். “எங்கள் பிள்ளைகள் இதைக் குழியானை என்பார்கள். உங்கள் முப்பாட்டனாரும் சிறுவயதில் இதை வைத்து விளையாடியிருப்பார்.”

“குழியானை” என்று அவர் திருப்பிச் சொன்னார். ழகரம் வரவில்லை. மீண்டும் சொன்னார், மூன்றாம் முறை ஏறக்குறைய வந்துவிட்டது. முப்பாட்டனாரின் ஊரை நான் அவருக்குத் தர இயலவில்லை. அவர் விளையாடியிருக்கக்கூடிய பூச்சியின் பெயரையாவது தந்தேன். அதையும் ஒரு செல்வம்போல வாங்கிக்கொண்டு, சற்றுத் தொலைவில் போய் நின்று, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நான் விளிம்பில் அமர்ந்தேன். அப்போது குருமடத்துப் பாடமொன்று, முப்பது ஆண்டுகளாய்த் தொடப்படாமல் கிடந்தது, தானாக எழுந்து வந்தது. யோபு நூல் நான்காம் அதிகாரத்தில் எலிப்பாசு பேசுகிறார். இரை இல்லாமல் சிங்கம் மடிகிறது என்று அதில் ஒரு வரி வரும். அவ்விடத்தில் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு விந்தையான ஒரு சொல்லை இட்டிருக்கிறது: எறும்புச் சிங்கம். 590 முதல் 604 வரை திருத்தந்தையாய் இருந்த புனித பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு முப்பத்தைந்து பகுதிகளில் எழுதிய விரிவுரையில் இச்சொல்லை விட்டுவைக்கவில்லை. புழுதியில் ஒளிந்திருந்து, தானியம் சுமந்து செல்லும் எறும்புகளைக் கொல்லும் சிறு உயிர் அது. எறும்புகளுக்கு அது சிங்கம், பறவைகளுக்கோ அதுவும் ஓர் எறும்பே என்ற கருத்துப்பட அவர் விளக்குகிறார். எளியோரிடம் துணிவும் வலியோரிடம் நடுக்கமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் நிலைக்கு அதனை உருவகமாக்குகிறார். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பகுதி. நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

இப்போது அந்தக் குரல் எங்கே கேட்டது என்று தெரிந்துவிட்டது. அது என் குரல்.

எங்கள் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. எழுபதை எட்டியவர். அதற்கு முந்தைய ஆண்டு, கல்லறைத் திருநாளுக்குச் சில வாரங்கள் முன்பு, பங்கு அலுவலகத்துக்கு வந்து நின்றார். அவர் குழந்தையாய் இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். வீட்டில் அழைத்த பெயரைத் தவிர வேறு பெயர் தெரியாது. தாயின் ஞானஸ்நானப் பெயரையும், தாயைப் பெற்றவர்களின் பெயரையும் பதிவேட்டில் பார்த்துச் சொன்னால், அந்தப் பெயர்களைச் சொல்லிப் பூசைக்குக் கொடுக்கலாம் என்பது அவர் ஆசை.

“எந்த வருடம்?” என்று கேட்டேன்.

“தெரியாது சாமி.”

“வருடம் தெரியாமல் எப்படித் தேடுவது? விவரத்தோடு வாங்க.”

மறுவாரம் வந்தார், அதே விடை. மூன்றாம் முறை வந்தபோது நான் குரலை உயர்த்தினேன். வேறு சிலர் இருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். பின்னர் வரவில்லை.

அதே மாதத்தில் செல்வாக்குள்ள ஒருவரின் கடிதத்தோடு வெளிநாட்டிலிருந்து ஓர் அன்பர் வந்தார். குடியுரிமைக்காகப் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும். புதுச்சேரியின் உரிமை மாற்ற ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இத்தகைய தேவைகள் எங்கள் ஊரில் ஓய்ந்ததில்லை. தேவை நியாயமானதுதான், அவர்மேல் எனக்குக் குறையில்லை. அவருக்கும் ஆண்டு சரியாய்த் தெரியாது. ஆனால் அவரிடம் நான் ஆண்டு கேட்கவில்லை. நானே பீரோவைத் திறந்து, இரண்டு மாலைகள் தூசியில் உட்கார்ந்து, பத்தாண்டுப் பதிவேடுகளைப் புரட்டிக் கண்டெடுத்தேன். காப்பி கொடுத்தேன். வாசல்வரை சென்று வழியனுப்பினேன். அந்த வாசலில்தான் மூதாட்டி மெழுகுதிரிக் கூடையோடு அமர்ந்திருந்தார். அவர் எங்களைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் அவரைப் பார்க்கவில்லை.

எறும்புக்குச் சிங்கம், பறவைக்கு எறும்பு. கிரகோரியாரின் வரிக்கு என்னைவிடச் சரியான உரை வேண்டியதில்லை. நான் கொடியவன் அல்லன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். குழியானையும் தன்னைக் கொடியது என்று நினைக்காது. அது செய்வதெல்லாம் மணலில் ஒரு சரிவை அமைப்பது மட்டுமே. ஏறி வருகிறவர்களின் காலடியில் மணல் தானாகச் சரிகிறது. ‘விவரத்தோடு வாருங்கள்’ என்பதும் அப்படி ஒரு சரிவுதான். அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எவரும் அதை அமைத்துவிடலாம். சட்டம் மீறத் தேவையில்லை. குரல் உயர்த்தவும் தேவையில்லை. நாமே அழைத்துப்போய் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றியவர்களின் ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி கிறுக்கி வைத்த அந்த எழுத்தரும் கொடியவராய் இருந்திருக்கமாட்டார். அவருக்கு அன்று வேலை அதிகம், அவ்வளவே.

மேகம் மதிலின்மேல் வழியத் தொடங்கியிருந்தது. முதியவர் கைநீட்டி என்னை எழுப்பினார். வெள்ளைப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம். ஐந்நூறு படிகளையும் இப்போது ஏற வேண்டும். மலைநடை என்று வந்தால் உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கி, எளிதாய் வீடு திரும்புவதுதான் வழக்கம். இங்கே இறக்கம் முதலில் வந்தது; பளு முழுவதும் திரும்பும் வழிக்கு மிச்சமிருந்தது. பத்துப் படிக்கொரு முறை நின்றேன். என்னைவிட மூத்த அவர் ஒவ்வொரு முறையும் எனக்காக நின்றார். ஆண்டு கேட்கவில்லை, விவரம் கேட்கவில்லை, நின்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை பீரோவைத் திறந்தேன். ஆண்டு தெரியாமல் தேட முடியாது என்று மும்முறை சொன்னேன் அல்லவா? அது பொய் என்பதை உணர எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. மூதாட்டியின் பெயரும் வயதும் தெரியும். அவர் இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய பதிவிலேயே தாயின் முழுப்பெயர் இருந்தது. அதைக்கொண்டு சில ஆண்டுகள் பின்னோக்கிப் போனால் பெற்றோரின் திருமணப் பதிவு. அதில் தாயைப் பெற்றவர்களின் பெயர். அங்கிருந்து இன்னும் பின்னோக்கிப் போனால் தாயின் ஞானஸ்நானம். குழியானையைப்போல் பின்னாலேயே நடந்தால் போதும். மூன்று மாலைகளில் முடிந்தது. பழைய குருவொருவரின் சாய்ந்த கையெழுத்தில், மங்கிய மையில், அழகான பெயர். அதனை இங்கே எழுதமாட்டேன். அது அந்த மகளுக்கு உரியது.

சான்றிதழை எழுதி முத்திரையிட்டு நானே எடுத்துச் சென்றேன். மாலைப் பூசைக்கு முன்; வாசலில் அமர்ந்திருந்தார். அருகில் படியில் உட்கார்ந்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். தாயின் பெயர், தாத்தாவின் பெயர், பாட்டியின் பெயர். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு நான் மனத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுருட்டிய நோட்டுகளை நடுங்கும் விரலால் பிரித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

“எவ்வளவு சாமி?”

என் இருபத்தெட்டு ஆண்டுக் குருத்துவத்தில் பலர் என்னைக் கண்டித்திருக்கிறார்கள். ஆயர் கண்டித்திருக்கிறார், பங்குப் பேரவையில் முகத்துக்கு நேராய்ப் பேசியிருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களைப்போல் எதுவும் தைத்ததில்லை. அதில் குத்தல் ஏதும் இல்லை. கொடுக்காமல் எதுவும் கிடைக்காது என்பதை நாங்கள் அவருக்கு அவ்வளவு நன்றாய்க் கற்பித்து வைத்திருந்தோம். பணத்தை அவர் கையிலேயே வைத்து மூடினேன். “இது உங்களுக்கு நான் தரவேண்டிய பாக்கி, அம்மா” என்றேன். அவருக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. தாளை நான்காய் மடித்தார். தீவில் அந்த முதியவர் மடித்து வைத்திருந்ததைப் போலவே இருந்தது.

அந்த நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் தோட்டத்துப் பூசையில் மூன்று பெயர்களை நான் உரக்கச் சொன்னேன். நான்காவதாக, ஊர் தெரியாத ஒருவரின் பெயரையும், அவர் கப்பலேறிய துறையைச் சொல்லிச் சேர்த்தேன். அவருடைய ஊரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகலாம். ஆனால் ‘விவரத்தோடு வாருங்கள்’ என்று அந்தத் தீவுக்கு நான் கடிதம் எழுதப் போவதில்லை.

எரிகுழம்பின் அன்னையைப்பற்றிய மறையுரையை நான் இதுவரை ஆற்றவில்லை. நல்ல பொருள்தான், என்றாவது ஆற்றலாம். நெருப்பு வாயிலில் நின்றது என்று சொல்லுமுன், அதே வாயிலில் நாம் எத்தனை பேரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூச்சியியல் படித்த நண்பர் ஒருவர் பின்னர் ஒன்று சொன்னார். சிறுவயதில் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். குழியானை என்பது முதிராப் பருவம். காலம் வரும்போது அது மணலும் தன் பட்டுநூலும் கொண்டு கூடு கட்டி உள்ளே அடங்கி, தும்பியைப்போல் மெல்லிய சிறகுகளோடு வெளிவரும். குழிக்குத் திரும்பாது.

ஞாயிறுதோறும் மறைக்கல்விப் பிள்ளைகள் இன்றும் கோயிற் சுவரோரம் குந்தியிருக்கிறார்கள். அவர்களைக் கடந்து போகையில் சில நேரம் நானும் நின்று குனிந்து பார்க்கிறேன். குழிக்குள் எறும்பு ஏற முயன்றுகொண்டிருந்தால், பிள்ளைகள் பார்க்காத நேரமாய் ஒரு துரும்பை நீட்டுகிறேன்.